விலை சொல்லத் தெரியாதவன்

சிவகாசிப் பக்கம் எலக்ட்ரிகல் காண்ட்ராக்ட் எடுக்கிறேன் என்று வெளியூரில் சொன்னால் கேட்பவர் முகம் கொஞ்சம் மாறும். பட்டாசு ஆலைக்குள் கரண்ட் வேலையா, பயமாக இல்லையா என்பார்கள். உண்மையில் பயராபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலையின் மருந்து அறைக்குள் எங்களுக்கு வேலையே கிடையாது. நான் போன ஆலைகளில் அந்த அறைகளில் ஒயரும் இல்லை, ஸ்விட்சும் இல்லை. கதவுகளைத் திறந்து வைத்துப் பகல் வெளிச்சத்தில்தான் வேலை நடக்கும். வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். அந்தத் தகட்டுக்கு எர்த் குழி, வெடிமருந்துக் கிட்டங்கிக்கு இடிதாங்கி, தள்ளி இருக்கும் ஆபீஸ் ரூமுக்கு நாலு டியூப்லைட், வாட்ச்மேன் ரூமுக்கு ஒரு ஃபேன். ஒரு பெரிய ஆலையில் எனக்குக் கிடைப்பது இவ்வளவுதான்.

ஆனாலும் இருபது வருஷமாக என் வீட்டில் உலை கொதிப்பது அந்தக் கரண்ட் இல்லாத அறைகளை நம்பித்தான். இதைப் புரிந்துகொள்வதற்குள் ஏழெட்டு லட்சம் ரூபாய் போய்விட்டது. ஒரு நல்ல மனுஷனும் போய்விட்டார்.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். ஒன்றும் விளையாத ஊர், ஊருக்கெல்லாம் விலை சொல்லும் ஊர் என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. பருப்புக்கும் வத்தலுக்கும் எண்ணெய்க்கும் ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ என்று பேப்பரில் வரும். அப்பா ஒரு கமிஷன் மண்டியில் கணக்குப்பிள்ளை. சரக்கைக் கையில் அள்ளி, மூக்கருகே கொண்டுபோய், இன்றைக்கு இது என்ன விலை, பத்து நாள் கழித்து என்ன விலை என்று சொல்வார். அவர் மகன் நான், ஐ.டி.ஐ. முடித்து ஒருவரிடம் ஹெல்பராகப் போய், ஒயர்மேன் ஆகி, சூப்பர்வைசர் சான்றிதழ் வாங்கி, 2005இல் தனியாக லைசென்ஸ் எடுத்தேன். என் தொழிலில் சுவரில் காடி எடுப்பதிலிருந்து பேனல் போர்டு கட்டுவதுவரை எல்லாம் தெரியும். விலை சொல்ல மட்டும் தெரியாது.

தெரியாது என்பதே தெரியாமல் போனதற்குக் காரணம் 2008. அந்த வருஷம் ஆடி மாசம் ஒரு கல்யாண மண்டப வேலைக்கு மெட்டீரியலோடு சேர்த்து மொத்த விலை பேசினேன். அப்போது உலகச் சந்தையில் செம்பு டன் 8,000 டாலருக்கு மேல். கட்டடம் பூசி முடித்து நான் ஒயர் வாங்கப் போனபோது மார்கழி. அமெரிக்காவில் பேங்குகள் விழுந்து, செம்பு 3,000 டாலர் பக்கம் கிடந்தது. கடையில் காயில் விலை இறங்கியிருந்தது. மண்டபக்காரருக்கு அதை நான் சொல்லவில்லை. கை நிறைய மிஞ்சியது, புது பைக் எடுத்தேன். நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். அதோடு அந்த வருஷங்களில் தமிழ்நாட்டில் கரண்ட் கட் உச்சத்தில் இருந்தது. இன்வெர்ட்டர், ஜெனரேட்டர், சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் என்று எதைத் தொட்டாலும் வேலை. ஊரே மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்தது, நான் மட்டும் மனசுக்குள் வாழ்த்திக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் கொட்டேஷன் போட்ட அழகைச் சொல்லவேண்டும். எனக்கு முந்தி யார் என்ன தொகை போட்டார் என்று விசாரிப்பேன். ஹார்டுவேர் கடையில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் தெரிந்துவிடும். அதிலிருந்து ஐயாயிரமோ பத்தாயிரமோ குறைத்து எழுதுவேன். பாயிண்டுக்கு இத்தனை என்று ஊரில் ஓடுகிற ரேட்டைப் பெருக்கிப் பார்த்து, பரவாயில்லை என்றால் கையெழுத்துப் போடுவேன். கூலி ஏறினால் என்ன, பணம் ஆறு மாசம் கழித்து வந்தால் அதற்கு வட்டி யார் கொடுப்பது என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்காது.

பணம் ஆறு மாசம் கழித்துத்தான் வரும். இந்த வட்டாரத்தின் வருஷம் சித்திரையில் பிறப்பதில்லை, தீபாவளியில் முடிந்து தீபாவளியில் பிறக்கிறது. ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டுப் பட்டாசு விற்பனையைத் தொடங்குவார்கள். அச்சாபீஸ்களில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாவதும் அன்றைக்குத்தான். சரக்கு லாரி லாரியாக வடக்கே போகும், பெரும்பாலும் கடனுக்கு. தீபாவளி முடிந்து வடநாட்டு வியாபாரி பணம் அனுப்பினால் ஆலைக்காரர் அட்டைப்பெட்டிக்காரருக்குக் கொடுப்பார், பெட்டிக்காரர் அச்சாபீஸுக்குக் கொடுப்பார். அந்த வரிசையின் கடைசி ஆள் நான். பில்லை நீட்டினால் எல்லா முதலாளியும் ஒரே வாக்கியம்தான் சொல்வார்கள், அதுவும் பிரியமாக: “தீபாவளி முடியட்டும் தம்பி, மொத்தமாப் பாத்துக்கிருவோம்.”

இந்த ஊரில் கொடுக்கல் வாங்கலே அப்படித்தான் என்பதால் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நான் ஒயரிங் காண்ட்ராக்டரே இல்லை. கடையில் ரெண்டு வட்டிக்குச் செம்பு கடன் வாங்கி, முதலாளி வீட்டுச் சுவருக்குள் வட்டியில்லாமல் புதைத்துவிட்டு வருகிறவன். புதைத்த செம்பை ஜப்தி பண்ணக்கூட முடியாது, மேலே சாந்து பூசியாயிற்று.

2016இல் அக்டோபர் 29 தீபாவளி. வசூலுக்குக் கிளம்புகிற நேரம், நவம்பர் 8 இரவு ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். என் தொழில் வாழ்க்கையில் கேட்காமலே பாக்கி வந்தது அந்த ஒரு வருஷம்தான். வீடு தேடி வந்து கொடுத்தார்கள், எல்லாம் பழைய நோட்டு. பேங்க் வரிசையில் நின்று கட்டினேன். அடுத்த எட்டு மாசம் புது வேலை என்று ஒருவரும் கூப்பிடவில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. எங்கள் வேலைக்கு 18 சதவீதம். பில் போட்ட மறுமாசம் 20ஆம் தேதிக்குள் வரி கட்டியாக வேண்டும். முதலாளி எனக்குப் பணம் கொடுத்தாரா என்பதை அரசாங்கம் கேட்காது. ஆறு லட்ச ரூபாய் பில்லுக்கு 1,08,000 வரி. கடையில் நான் கட்டிய வரியைக் கழித்தாலும் கைக்காசு போடவேண்டியிருந்தது. இதற்கு நான் கண்ட வழி, பில்லே போடாமல் தள்ளிப்போடுவது. பில் இல்லாத பாக்கியை முதலாளி மறப்பது சுலபம் என்பது பிறகு தெரிந்தது.

2018க்கு வருகிறேன். அந்த ஆகஸ்டில் என் கையில் மூன்று வேலை: ஒரு லேபிள் அச்சாபீஸ், ஒரு அட்டைப்பெட்டி யூனிட், ஒரு ஆலை முதலாளியின் வீடு. மூன்று பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஒன்று போனாலும் இரண்டு நிற்கும் என்று தைரியமாகக் கடன் வாங்கிப் போட்டேன். அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும், வெடிக்க இரண்டு மணி நேரம். தீபாவளி நவம்பர் 6. தீபாவளி முடிந்து வழக்கமாக அடைக்கும் ஆலைகள், பேரியம் இல்லாமல் எதைச் செய்வது என்று அந்த முறை மார்ச் வரை திறக்கவில்லை.

ஆலை மூடினால் லேபிள் எதற்கு? பெட்டி எதற்கு? முதலாளி வீட்டு மாடிக்கு விளக்கு எதற்கு? வாய்க்கால் மூன்றாக இருந்ததே தவிர, கிணறு ஒன்று. கரிசல் காட்டில் பிறந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஒன்பது லட்ச ரூபாய் வெளியே நின்றது.

என்னிடம் நாலு பேர் வேலை பார்த்தார்கள். மூத்த ஒயர்மேன் பதினோரு வருஷமாகக் கூட இருந்தவர். சனிக்கிழமைக் கூலியில் ஒரு பகுதியை என்னிடமே விட்டுவைப்பார். “வீட்டுக்குக் கொண்டு போனா செலவாயிரும்ணே, ஒங்ககிட்டயே இருக்கட்டும்” என்பார். மகள் காலேஜுக்காகச் சேர்த்தது. அது 38,000 ஆகியிருந்தது. அந்தப் பணத்தைத் தனியாக வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கடைக் கடனோடு கடனாகப் போய்விட்டிருந்தது. ஜனவரியில் வந்து கேட்டார். நின்றுகொண்டேதான் கேட்டார்.

“ஆபீஸ்லாம் தெறக்கட்டும், மொத்தமாப் பாத்துக்கிருவோம்” என்றேன்.

சொன்ன பிறகுதான் யாருடைய வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது என்று உறைத்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சரிண்ணே என்று போனார். பிப்ரவரியில் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாக இன்னொருவர் வந்து சொன்னார். 38,000த்தையும் ஐந்து தவணையாக அனுப்பிவைத்தேன். கடைசித் தவணை போனது 2020இல். மகள் அதற்குள் காலேஜில் ஒரு வருஷம் முடித்திருந்தாள், யாரிடமோ வட்டிக்கு வாங்கிய பணத்தில்.

இதோடாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. 2020 மே மாசம், ஊரடங்கில் கையில் வேலையே இல்லாதபோது, ஒரு காலண்டர் அச்சாபீஸ்காரர் புதுக் கட்டடத்துக்கு விலை கேட்டார். 14,80,000 என்று மொத்தமாக எழுதிக் கொடுத்தேன். ஒன்றரை லட்சம் நிற்கும் என்று கணக்கு. செம்பு அப்போது கிலோ 400 ரூபாயை ஒட்டி இருந்தது. கட்டடம் இழுத்துக்கொண்டே போய், நான் ஒயர் இழுக்க ஆரம்பித்தது 2021 பிப்ரவரியில். மே மாசம் லண்டனில் செம்பு டன் 10,000 டாலரைத் தாண்டியது, இங்கே கிலோ 700க்கு மேல். 2.5 ஸ்கொயர் எம்.எம். காயில் 90 மீட்டர் என்றால் அதற்குள் 2 கிலோ செம்பு இருக்கிறது. நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். அந்தக் கட்டடத்துக்கு எல்லாமாக 600 கிலோ போல ஆகும். கிலோவுக்கு 300 ஏறினால் 1,80,000. லாபம் போய், கையிலிருந்தும் போட்டாயிற்று. ஆர்மர்டு கேபிளில் இருக்கும் அலுமினியமும் ஏறியது, பி.வி.சி. பைப்பும் ஏறியது. தூத்துக்குடி செம்பு ஆலையை 2018இல் மூடியதால்தான் இந்த விலை என்று கடையில் பேசிக்கொண்டார்கள். ஆலை ஓடியபோதும் விலையை லண்டன்தான் சொன்னது. ஆனால் கடன்காரனுக்கு யாரையாவது திட்டினால் ஆறுதல்.

அச்சாபீஸ்காரரிடம் போய் உட்கார்ந்தேன்.

“அண்ணாச்சி, செம்பு ஏறிப்போச்சு. கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க.”

“காகிதமும்தான் தம்பி ஏறுது. ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பத்துல போட்ட வெலைய நான் கூட்ட முடியுமா? ஏஜெண்டு விட்டுருவானா?”

“என் கையிலருந்து ரெண்டு லட்சம் போகுது அண்ணாச்சி.”

“சரி, ஒண்ணு சொல்லுங்க. எறங்கியிருந்தா எனக்குத் திருப்பிக் குடுத்திருப்பீங்களா?”

எனக்கு அந்தக் கல்யாண மண்டபமும் பைக்கும் ஞாபகம் வந்தன. பதில் சொல்லவில்லை. காபி வந்தது, குடித்துவிட்டு வந்துவிட்டேன். பேசிய தொகையை, பேசியபடி, தீபாவளி முடிந்து கொடுத்தார். நேர்மையான மனுஷர்.

அதே மே மாசம் இன்னொன்றும் நடந்தது. இதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. வெடிமருந்துக் கிட்டங்கியில் இடிதாங்கியை வருஷம் ஒருமுறை சோதித்துச் சான்று கொடுக்கவேண்டும். எர்த் ரெசிஸ்டன்ஸ் 10 ஓமுக்குள் இருக்கவேண்டும். கோடையில் எங்கள் கரிசல் மண் கை நுழைகிற அளவுக்கு வெடித்துவிடும், ஈரம் கீழே இறங்கிவிடும், ரீடிங் ஏறும். ஒரு குழியில் 14 காட்டியது. தோண்டி, உப்பும் கரியும் மாற்றி, பைப்பைப் பார்த்து, தண்ணீர் விட்டு மறுபடி அளக்க ஒரு முழு நாளும் மூவாயிரத்துச் சொச்சமும் ஆகும். நான் பேசியிருந்த கூலியோ மொத்தமே அதைவிடக் கொஞ்சம்தான் கூட. மழை பெய்தால் தானே இறங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு 8 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாளை மறுநாள் கொடுப்பதாகப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி கோடை இடி. இங்கே கோடை மழை சத்தம் போடும் அளவுக்குப் பெய்யாது. ஒவ்வொரு மின்னலுக்கும் எந்தத் திசை என்று ஜன்னலில் பார்த்தேன். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஒரே பட்டாசு ஆலை விபத்தில் நாற்பது பேர் அளவுக்குக் கருகிப்போனார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களில் நானும் ஒருவன். அந்த விபத்துக்கும் இடிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த ராத்திரி எனக்கு அந்த வாசல்தான் கண்ணில் நின்றது. விடிந்ததும் ஒரு ஹெல்பரைக் கூட்டிக்கொண்டு போய்க் குழியைத் தோண்டினேன். பைப்பின் கிளாம்ப் துருப்பிடித்து உதிர்ந்து கையோடு வந்தது. மழை எவ்வளவு பெய்திருந்தாலும் அது இறங்கியிருக்காது. மாலையில் 6 காட்டியது. பழைய தாளைக் கிழித்து அந்தக் குழியிலேயே போட்டு மூடினேன்.

விலையைக் குறைத்து எழுதும்போது அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வரும் என்று எனக்கு அதுவரை ஒரு தெளிவும் இருந்ததில்லை. கிளாம்பிலிருந்து வருகிறது. ஒயர்மேன் மகளின் ஃபீஸிலிருந்து வருகிறது.

அதற்குப் பிறகு என் கொட்டேஷன் இரண்டு பக்கம் ஆயிற்று. முதல் பக்கத்தில் கூலி மட்டும். இரண்டாம் பக்கத்தில் மெட்டீரியல் பட்டியல், இன்ன தேதியின் கடை விலை, வாங்குகிற அன்று ஏறினால் கூடும், இறங்கினால் குறையும் என்று ஒரு வரி. இறங்கினால் குறையும் என்பதை அச்சாபீஸ் அண்ணாச்சிக்காகவே சேர்த்தேன். விருப்பமிருந்தால் ஒயரை நீங்களே வாங்கிக் கொடுங்கள், எனக்குக் கூலி போதும் என்றும் இருக்கும். முதல் வருஷம் பத்துப் பேரில் ஏழு பேர் வேறு ஆளிடம் போனார்கள். வருமானம் பாதியானது. கடைக் கடனும் பாதியானதால் பட்டினி கிடக்கவில்லை.

ஒன்று மட்டும் வெளியிலிருந்து வந்து உதவியது. சிறு தொழில் என்று உத்யம் பதிவு வைத்திருப்பவருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும்வரை அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று 2024இல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. அந்தப் பங்குனியில் ஒரு முதலாளியின் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து எனக்கே போன், “உங்க பாக்கி எவ்வளவு சார்?” என்று. இருபது வருஷத்தில் என்னை முதல்முறையாக ‘சார்’ என்றது அந்த விதிதான். மெட்டீரியலோடு செய்யும் ஒயரிங் வேலை இதில் சேருமா சேராதா என்று ஆடிட்டர்களுக்குள் தகராறு இருக்கிறது. உத்யம் இல்லாத ஆளாகப் பார்த்து வேலை கொடுக்கும் முதலாளிகளும் உண்டு.

இனி எப்படி இருக்கும் என்று புதிதாக லைசென்ஸ் எடுக்கும் பையன்கள் கேட்கிறார்கள். சோலார் வேலை நிறைய வருகிறது. வீட்டுக்கு 3 கிலோவாட்டுக்கு 78,000 வரை மத்திய அரசு மானியம் இருப்பதாலும், 2022இல் கட்டணம் ஏறிய பிறகு சிறு ஆலைக்காரர்களுக்கு மின்சார பில்லே ஒரு தலைவலியாகிவிட்டதாலும். நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் எதிர்த்து 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுக்கச் சிறு தொழில்கள் கதவடைத்தபோது நானும் ஒரு நாள் சும்மா இருந்தேன். சாத்தூர் பக்கம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா வருகிறது. மில் வந்தால் ஒயரிங் வரும். பெரிய கம்பெனிகள் எடுத்து, எங்களுக்கு லேபர் ரேட்டில் தருவார்கள். அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை என்றே நினைக்கிறேன். அங்கே செம்பின் விலை என் தலையில் இல்லை. ஆள்தான் கிடைக்காது. காடி எடுக்கத் தெரிந்த பையன்கள் வளைகுடாவுக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விடுகிறார்கள்.

டெல்லியில் சில நாள் பசுமைப் பட்டாசு வெடிக்க உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபர் 15 அன்று அனுமதி கொடுத்தது. மறுநாளே ஒரு ஆலை முதலாளி கூப்பிட்டார். இரண்டு வருஷமாகப் பாதியில் நிற்கும் கிட்டங்கியை முடிக்கப் போகிறாராம், ஆபீஸ் பில்டிங்குக்கு விலை வேண்டும் என்றார். இரண்டு பக்கத் தாளைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, இன்னொருவர் 70,000 குறைவாகத் தருகிறார் என்றார். இருக்கலாம் அண்ணாச்சி என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

அந்த வாரமே கோயம்புத்தூரிலிருந்து போன். குரல் உடனே தெரிந்தது, என் பழைய மூத்த ஒயர்மேன். மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டதாம், ஊரோடு வந்துவிடலாம் என்று பார்க்கிறாராம்.

“வேலை ஏதும் இருக்காண்ணே?”

தீபாவளி முடியட்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அடுத்த ஒரு மாசத்தில் உறுதியாக எத்தனை நாள் வேலை இருக்கிறது என்று டைரியைப் பார்த்தேன். பதினாறு நாள். அதைச் சொன்னேன், ஒரு நாள் கூலி இவ்வளவு என்று சொன்னேன், சனிக்கிழமை சாயங்காலம் முழுசாகக் கையில் தந்துவிடுவேன் என்றேன்.

“முழுசாவா?” என்று கேட்டு, அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.